முன்சுவர் நெளிந்தால் மருந்து புட்டி மூடையல்ல

சென்ற ஆண்டு சோளகக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், நறுவிலிக்குளத்திலிருந்து ஒரு தாய் எமது ஹார்ட்வெயார் கடைக்கு வந்து ஒரு துண்டை நீட்டினார். மேசன் எழுதிக் கொடுத்த துண்டு. "வெளிச்சுவர் புட்டி, 20 கிலோ, 10 மூடை" என்று இருந்தது. பத்து மூடை புட்டி சின்ன ஓடர் அல்ல. சீமெந்து மூடையில் எமக்கு நிற்பது சொற்பம். புட்டியில் நிற்பது அதைவிட எவ்வளவோ மேல். பையனைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். பிறகுதான், "எவ்வளவு சுவருக்கு அக்கா இது?" என்று கேட்டேன்.

"முன்சுவருக்கு மட்டும்தான் முதலாளி" என்றார்.

முன்சுவருக்கு மட்டும் பத்து மூடையா? வீடு பூசி மூன்று கிழமைதான் ஆகிறதாம். பெயின்ட் கூட இன்னும் அடிக்கவில்லை. மேசனின் பெயரைச் சொன்னதும் எனக்குச் சங்கடமாகிப் போய்விட்டது. அந்தத் தம்பியை அவருக்கு அறிமுகப்படுத்தி வைத்ததே நான்தான். மூடைகளை ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் நானே வந்து பார்க்கிறேன் என்றேன்.

நறுவிலிக்குளம் என்றவுடன் எங்கள் வயதுக்காரருக்கு நறுவிலிப் பழம்தான் ஞாபகம் வரும். அந்தப் பழத்தின் பசையைத் தடவிப் பட்டம் ஒட்டியிருக்கிறோம். ஒட்டினால் கடதாசி கிழியுமே தவிர ஒட்டு விடாது. அந்தப் பெயருள்ள ஊரிலே, சுவரோடு ஒட்டாத பூச்சு ஒன்றைப் பார்க்கப் போனேன்.

வீடு கிழக்குப் பார்த்த வீடு. மகன் கட்டாரில் உழைத்து அனுப்பிய காசில், தாய் தனியாக நின்று கட்டுவித்தது. முன்பக்கம் முப்பதடி அகலம், பத்தடி உயரம். நான் போனபோது காலை எட்டு மணி. வெயில் நேராகச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்கு அக்கா?" என்றேன். அவர் ஒரு கதிரையைக் கொண்டுவந்து வேம்புக்குக் கீழே போட்டார். "பதினொன்றரை மட்டும் இருங்கோ முதலாளி. தேத்தண்ணி தாறன்" என்றார்.

இருந்தேன். பத்தரை தாண்டியதும் வெயில் மேலே ஏறி, கூரை விளிம்பைத் தடவிக்கொண்டு சுவரோடு சுவராக இறங்கத் தொடங்கியது. பதினொன்றரைக்குப் பார்த்தால், பேசாலைக் கடற்கரையில் வற்றுக்குப் பிறகு மணலில் கிடக்கும் அலைக்கோடுகள் போல, சுவர் முழுக்க மேடும் பள்ளமும் நிழல் போட்டுக்கொண்டு நின்றன. யன்னலுக்குக் கீழே ஒரு தொந்தி. கதவுக்கு வலப்பக்கம் ஒரு பள்ளம். ஆளுயரத்தில் சுவரின் குறுக்கே ஒரு நீண்ட கோடு. பன்னிரண்டரைக்குச் சுவர் நிழலுக்குள் போனதும் எல்லாம் மறைந்துவிட்டன.

நேராக விழுகிற வெளிச்சம் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே மாதிரி நனைத்து மறைத்துவிடும். சுவரை ஒட்டிச் சரிந்து விழுகிற வெளிச்சம் இரண்டு மில்லிமீற்றர் மேட்டுக்குக் கூட இரண்டு அங்குல நிழலை இழுத்துவிடும். கிழக்குச் சுவரை உச்சிக்குச் சற்று முன்னும், மேற்குச் சுவரை உச்சிக்குச் சற்றுப் பின்னும் பார்க்க வேண்டும். வீட்டுக்குள் என்றால் இரவில் ஒரு டோர்ச் விளக்கைச் சுவரோடு அணைத்துப் பிடித்துப் பார்த்தால் போதும். அந்த அக்காவிடம் மேசன் வேலையை ஒப்படைத்துக் காசு வாங்கியது காலை ஏழு மணிக்காம். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்கு வரும் நேரத்திலும் போகும் நேரத்திலும் மட்டுமே சுவரைத் தள்ளி நின்று பார்க்கிற மனிதனுக்கு, அவன் கைவேலையின் குறை அவன் கண்ணுக்கே படாமல் போகலாம்.

கண்ணால் பார்த்துச் சண்டை பிடிப்பதில் பயனில்லை, அளந்து பார்க்க வேண்டும். கடையிலிருந்து எட்டடி அலுமினிய பொக்ஸ் பார் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். அதைச் சுவரில் நிமிர்த்தியும் கிடத்தியும் குறுக்காகவும் வைத்து, இடைவெளியை அளந்தோம். நல்ல பூச்சு என்றால் ஆறடிச் சட்டத்துக்கு 3 மில்லிமீற்றர் இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது கட்டட வேலையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இங்கே கதவுக்கு இடப்பக்கம் எங்கும் 4 மில்லிமீற்றரைத் தாண்டவில்லை. வலப்பக்கத்தில் ஓரிடத்தில் 13 இருந்தது. பிறகு ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டு போனோம். இடப்பக்கம் கல்லைத் தட்டியது போலக் கெட்டியான சத்தம். வலப்பக்கத்தில், யன்னலுக்குக் கீழிருந்த தொந்தியில், வெற்றுப் பெட்டியைத் தட்டியது போலப் "பொக்பொக்" என்றது. பூச்சு கல்லை விட்டுக் கிளம்பியிருக்கிறது என்று அர்த்தம். நெளிவு அழகுக் குறைதான். கிளம்பிய பூச்சு அப்படியல்ல, அது ஒரு நாள் பெயர்ந்து விழும், கீழே பிள்ளைகள் விளையாடுவார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் புட்டி வாங்குவது, நோயைக் கேட்காமல் மருந்து வாங்குவது போன்றது.

ஏன் இப்படி ஆகிறது? பூச்சில் தெரிகிற குறையின் பாதி, பூச முன்னரே சுவரில் இருக்கிறது. புளொக் கல் கட்டும்போது தூக்குக்குண்டு பிடிக்காமல், ஒரு வரி வெளியேயும் ஒரு வரி உள்ளேயும் போய்விட்டால், அதைச் சமப்படுத்தும் பாரம் முழுவதும் பூச்சின் தலையில் விழுகிறது. ஓரிடத்தில் பத்து மில்லிமீற்றரும் பக்கத்தில் முப்பதும் போட வேண்டிவரும். சீமெந்துப் பூச்சை ஒரு தடவையில் சுமார் பதினைந்து மில்லிமீற்றருக்கு மேல் கனமாகப் போட்டால், அது தன் பாரத்திலேயே கீழே சரியும். அந்தத் தொந்தி அப்படி வந்ததுதான். கனம் தேவை என்றால் முதல் பூச்சைப் போட்டு, அது இறுகும்போது கீறிவிட்டு, பிறகு இரண்டாவதைப் போட வேண்டும். அதற்கு இன்னொரு நாள் வேண்டும். சதுரக் கணக்கில் கூலி பேசிய மேசனுக்கு அந்த இன்னொரு நாள் எங்கிருந்து வரும்?

பழைய மேசன்மார் பூச முன் சுவரில் ஆங்காங்கே உள்ளங்கை அளவு சாந்து அப்பி, நூல் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டு, அவை எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்து காயவிடுவார்கள். அடுத்த நாள் அவற்றுக்கிடையே சாந்தை நிரப்பிச் சட்டத்தால் இழுத்தால், சுவர் தவறுவதற்கு வழியே இல்லை. இன்று பலர் அந்த வேலையை விட்டுவிட்டுக் கண் மட்டத்தில் இழுக்கிறார்கள். ஆளுயரத்தில் கிடந்த அந்தக் கோட்டுக்குக் காரணம் சாரம். உடுக்கிற சாரமல்ல, ஏறி நின்று வேலை செய்கிற சாரம். மேல் பாதியை ஒரு நாளும் கீழ் பாதியை மறுநாளும் பூசினால், இரண்டும் சந்திக்கிற இடம் தழும்பாக நிற்கும். கதவு நிலை, யன்னல் நிலை, மூலை போன்ற இயல்பான எல்லையில் நிறுத்தினால் அந்தத் தழும்பு கண்ணுக்கு வராது.

காற்றையும் சொல்ல வேண்டும். எமது கரையில் வைகாசிக்குப் பிறகு சோளகம் அடிக்கிற அடியில், காலையில் பூசியது மதியத்துக்குள் வரண்டுபோகிறது. கல்லை நனைக்காமல் பூசினால் சாந்திலுள்ள தண்ணீரைக் கல் குடித்துவிடும், மிச்சத்தைக் காற்று கொண்டுபோகும். சீமெந்து இறுகுவதற்குத் தண்ணீர் இருக்காது. அப்படிப்பட்ட பூச்சு முதலில் கல்லை விடும், பிறகு வெடிக்கும். ஆகக் குறைந்தது ஏழு நாட்களுக்காவது தண்ணீர் அடிக்க வேண்டும், முடிந்தால் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். அக்கா இரண்டு நாள் தண்ணீர் அடித்தாராம். மேசன் போதும் என்றாராம்.

மணலிலும் விஷயமிருக்கிறது. அருவியாற்று மணல் உப்பில்லாதது, ஆனால் அனுமதிப்பத்திரமும் லொறிக் கூலியும் சேர்ந்து விலை ஏறிவிடும். கடலோரத்து மணல் கைக்கெட்டிய தூரத்தில் கிடக்கிறது. அதில் பூசிய சுவரில் மழைக்குப் பிறகு உப்பு வெள்ளையாகப் பூத்து, பெயின்டைத் தள்ளிக்கொண்டு வரும். நல்ல வேளையாக இந்த வீட்டு மணல் ஆற்று மணல்தான். ஆனால் அரிக்காமல் போட்டிருந்தார்கள். தெற்கே அரிப்பில், ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துக்குளிப்பைப் பார்க்கவென்று கட்டிய டொரிக் மாளிகையின் எச்சத்தை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். கடல் அரித்து அரித்துக் கட்டடம் விழுகிறது. ஆனால் நின்ற துண்டுகளில் சில இடங்களில் இருநூறு ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பூச்சு கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சீமெந்து இல்லாத காலத்து வேலை அது.

இப்போது அந்தப் பத்து மூடைக்கு வருவோம். கதவு யன்னல் கழித்தால் முன்சுவர் சுமார் 240 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 22 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் கனத்துக்குப் புட்டி ஒன்றரைக் கிலோ வரை வேண்டும். சராசரி ஆறு மில்லிமீற்றர் நிரப்புவதென்றால் 200 கிலோ. மேசனின் கணக்கு பிழையில்லை, பத்து மூடை சரிதான். ஆனால் புட்டி இரண்டு மூன்று மில்லிமீற்றர் கனத்துக்கு, அதுவும் இரண்டு மெல்லிய பூச்சாகப் போடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். பதின்மூன்று மில்லிமீற்றர் பள்ளத்தில் அதை அப்பினால் வெடிக்கும். கிளம்பி நிற்கிற பூச்சின்மேல் அப்பினால் பாரம் கூடி இரண்டும் சேர்ந்து விழும். உள்சுவருக்கான ஜிப்சம் வகையை விலை குறைவென்று வெளியே பூசினாலோ, முதல் மாரியில் ஊறி உரியும்.

அதே 240 சதுர அடியை முழுவதும் உடைத்து, பன்னிரண்டு மில்லிமீற்றர் கனத்தில் ஒன்றுக்கு ஐந்து கலவையில் புதிதாகப் பூசுவதற்கு என்ன வேண்டும்? இரண்டு மூடைக்கும் குறைவான சீமெந்தும் பத்துக் கன அடி மணலும். ஒரு கியூப் மணலில் பத்தில் ஒரு பங்கு. 2021 ஆரம்பத்தில் ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த 50 கிலோ மூடை 2022இல் மூவாயிரத்தைச் சுற்றி நின்றதை நாம் பார்த்தோம். அந்த விலையில் கூடப் பத்து மூடை புட்டிக்கு இது ஈடாகாது. செலவு பொருளில் இல்லை, கூலியில் இருக்கிறது. பூச்சைத் திருத்தினால் மேசனின் நாட்கள் போகின்றன. புட்டியால் மறைத்தால் வீட்டுக்காரரின் காசு போகிறது, கடைக்காரனுக்கு வியாபாரம் நடக்கிறது. மூன்று பேரில் இரண்டு பேருக்கு வசதியான ஒரு முடிவை, காசு கொடுக்கிற மூன்றாமவர் தலையில் நாம் கட்டுகிறோம். எமது தொழிலில் உள்ளவர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. புட்டி மூடைகளில் கணிசமான பங்கு இப்படித்தான் விற்பனையாகிறது.

என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தம்பியை நான் அறிமுகப்படுத்தியபோது அவர் பூசிய ஒரு சுவரைக்கூட நான் போய்ப் பார்த்திருக்கவில்லை. அவர் என் கடைக்குக் கடன்பட்டவர். ஒரு வேலை கிடைத்தால் என் கொப்பியிலுள்ள கணக்குக் குறையும் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அக்கா அதை அறியார். "முதலாளி சொன்ன ஆள்" என்று நம்பினார். 1990 ஒக்டோபரில் வீட்டை விட்டு வெளியேறி, புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தவன் நான். ஒரு வீடு என்பது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் கடன் கணக்கைப் பார்த்து வாய் திறந்தேன். எமது ஹார்ட்வெயார் கடைகளில் தினமும் நடக்கிற விஷயம்தான் இது. பரிந்துரை என்பதும் ஒரு விற்பனைதான். நிறுவையில் குறைவு வைக்கப் பயப்படுகிற நாம் இதில் பயப்படுவதில்லை.

மேசனை வரவழைத்தேன். பதினொன்றரைக்கே வரச் சொன்னேன். சுவரைப் பார்த்தார், சட்டத்தைப் பிடித்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கல்லுக் கட்டினது நானில்லை முதலாளி" என்றார். அது உண்மை. கல் கட்டியவர் வேறொருவர். "அப்ப பூச முந்தி அதை ஏன் தம்பி சொல்லேல்லை?" என்று அக்கா கேட்டார். அதற்கு அவரிடம் பதிலில்லை. என்னிடமும் இல்லை.

பேசி முடித்தது இவ்வளவுதான். இடப்பக்கத்தை உடைப்பதில்லை. மேடுகளை கிரைண்டரால் தேய்த்து, பள்ளங்களுக்கு வெளிச்சுவர் புட்டி இரண்டு மெல்லிய பூச்சு. அதற்கு இரண்டு மூடை போதும். வலப்பக்கம் கதவு நிலையிலிருந்து மூலை வரை, அடியிலிருந்து லிண்டல் வரை, முழுவதையும் கல் தெரிய உடைப்பது. நடுவில் ஒரு துண்டை மட்டும் வெட்டி ஒட்டினால் அந்த ஒட்டு எந்தப் பெயின்டிலும் மறையாது. மேசன் தன் உழைப்பைத் தருவதாக ஒப்புக்கொண்டார். அவருடைய உதவியாளின் கூலியை அக்கா கொடுத்தார். சீமெந்தும் மணலும் என் கணக்கு. உடைத்த பிறகு கல்லைத் தூசு போகக் கழுவி, நனைத்து, சீமெந்துப் பால் அடித்து, வெளியே தள்ளிய கல்லின் முனைகளைக் கொத்தி, சாந்துப் புள்ளி வைத்து, இரண்டு பூச்சாகப் போட்டார். வேலை தெரியாதவரல்ல. நேரம் கொடுத்தால் நன்றாகவே செய்கிறார்.

இந்த இடத்தில்தான் கூலி பேசும் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. யுத்தத்துக்குப் பிறகு வடக்கில் வீடுகள் ஒரே நேரத்தில் எழுந்தபோது மேசன்மாருக்குப் பெரும் தட்டுப்பாடு. அனுபவமில்லாத கைகள் பல அப்போது சாந்தகப்பையைப் பிடித்தன. அந்தக் காலத்து இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே, வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக வந்தது. ஒரு கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் பணம். அந்த ஒழுங்கை நாம் எமது சொந்தக் காசில் கட்டும்போது மறந்துவிடுகிறோம். அத்திவாரத்தில் அரைவாசி, கூரையில் மீதி என்று வாய்ப்பேச்சில் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு குறை தேடுகிறோம்.

பெரிய கட்டட ஒப்பந்தங்களில் நூற்றுக்கு ஐந்து வீதம் நிறுத்தி வைத்து, குறைதீர்க்கும் காலம் முடிந்த பின் கொடுப்பது வழக்கம். கம்பனிக்கு அது பொருந்தும். அன்றாடம் உழைத்து அன்றாடம் அரிசி வாங்குகிற மேசனுக்கு அது பொருந்தாது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லப்பட்ட நாம் அதைச் செய்யவும் கூடாது. எனது அபிப்பிராயம் என்னவென்றால், நிறுத்தி வைப்பதை விட முன்கூட்டியே பார்ப்பது நல்லது. கல் கட்டி முடிந்தவுடன், பூச முன், பூசப் போகிற மேசனையே கூப்பிட்டுச் சட்டம் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். குறையிருந்தால் அப்போதே கல் கட்டியவரிடம் பேசலாம். பூசுகிற கூலியைச் சதுரக் கணக்கில் பேசினாலும், சாந்துப் புள்ளி வைப்பதற்கும் தேவையான இடத்தில் இரண்டாம் பூச்சுக்கும் தனியாக ஒரு தொகை பேசுங்கள். அந்தச் சில்லறையைக் குறைத்ததால்தான் சுவர் நெளிகிறது. ஒரு கொப்பித் தாளில் கலவை என்ன, எத்தனை நாள் தண்ணீர், ஆறடிக்கு எத்தனை மில்லிமீற்றர் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். சாரத்தைக் கழற்ற முன், சரியான நேரத்து வெயிலில் இருவருமாகப் பாருங்கள். பார்த்த அன்றே மிச்சமில்லாமல் கொடுத்துவிடுங்கள்.

சட்டம் இல்லாமலில்லை. உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்யப்படும் என்ற உத்தரவாதம் வியாபார ஒப்பந்தத்தில் அடங்கியிருப்பதாக 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் கொள்கிறது. ஆனால் வேப்பமரத்தடியில் வாயால் பேசிய வேலைக்கு எதைக் காட்டி முறையிடுவது? அந்த ஒற்றைத் தாள் இருந்திருந்தால் அக்கா என் கடைக்கு வரவேண்டியே இருந்திருக்காது.

கடைக்காரச் சகோதரர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வெளிச்சுவருக்குப் புட்டி கேட்டு வருபவரிடம், எவ்வளவு பள்ளம், தட்டினால் என்ன சத்தம் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு பொக்ஸ் பாரைக் கடையில் இரவலுக்கு வையுங்கள். நான் வைத்திருக்கிறேன், இதுவரை இரண்டு தடவை வளைந்து வந்திருக்கிறது, பரவாயில்லை. என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள மேசன் யார், அவர் எங்கே பூசியிருக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

நறுவிலிக்குளத்துச் சுவர் நான்கு கிழமை காய்ந்த பிறகு, காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒன்றும், அதன்மேல் மினுக்கமில்லாத பெயின்டும் அடித்தார்கள். மகன் கட்டாரிலிருந்து மினுமினுப்பான பெயின்டின் படம் அனுப்பியிருந்தார். மினுக்கம் எஞ்சிய நெளிவையெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும் என்று சொல்லித் தடுத்தேன். சென்ற மாதம் அந்த வழியால் போனபோது பதினொன்றரைக்கு நிறுத்திப் பார்த்தேன். வலப்பக்கம் பலகை மாதிரி இருக்கிறது. லிண்டலுக்கு மேலே புதியதும் பழையதும் சந்திக்கிற இடத்தில் மெல்லிய கோடு ஒன்று இன்னும் தெரிகிறது. அக்காவுக்கும் தெரியும். "அது கிடக்கட்டும் முதலாளி, பெயர்ந்து விழாதெல்லோ?" என்று கேட்டார். விழாது என்றேன். மேசன் தம்பி அந்த நான்கு நாள் கூலியை இழந்தவர், ஆனால் அடுத்த தெருவில் இரண்டு வீட்டு வேலை கிடைத்திருக்கிறது. பழைய கடனில் பாதியைக் கட்டிவிட்டார். மீதி கொப்பியில் கிடக்கிறது.